அச்சம்: இல்லை

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி தாழ்வாக இருக்கிறது, அம்மா. இவ்வளவு நேரம் முட்டியை மடக்கியே வைத்திருந்தால் எழுந்திருக்கும்போது சுருக்கென்று பிடிக்கும். இப்போதே இரண்டு தடவை தேய்த்துக்கொண்டீர்கள். ஜன்னலோரம் கிடக்கும் மர நாற்காலி இதைவிட நல்லது. நான் சொல்லவேண்டியது கொஞ்சம் நீளம், அதனால்தான் சொல்கிறேன்.

விசாரணைக் குழு என்றதும் பெரிய மேசை, பத்துப் பேர் என்று நினைத்திருந்தேன். வழக்கறிஞராக நீங்கள், வேறொரு மருத்துவமனையின் எலும்பு மருத்துவராக இவர், எழுதிக்கொள்ள ஒருவர், அவ்வளவுதான். நல்லது. இவருக்குத் தெரிந்த சங்கதியை எல்லாம் உங்களுக்காக முதலிலிருந்து சொல்லப்போகிறேன். கொல்லர் தெருவில் ஊசி விற்கிறேன் என்று இவர் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தொடையெலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. முட்டிச்சில்லு அதில்தான் ஏறி இறங்குகிறது, கிணற்றுக் கப்பியின் பள்ளத்தில் கயிறு ஓடுவதுபோல. பள்ளம் ஆழமாக இருந்தால் கயிறு விலகாது. சிலருக்கு, பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு, அந்தப் பள்ளம் தட்டையாக அமைந்துவிடுகிறது. அவர்கள் சும்மா நடந்துகொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஓடிக்கொண்டே திரும்பும்போதோ, எகிறிக் குதித்து இறங்கும்போதோ, ஒரு நாள் சில்லு வெளிப்பக்கம் நழுவிவிடும். நழுவும்போது, உள்பக்கத்திலிருந்து அதைப் பிடித்திருந்த நார் கிழியும்.

எங்கள் துறையில் நெடுநாளாக ஒரே வாய்ப்பாடு. முதல் தடவை நழுவினால் பட்டை கட்டு, பயிற்சி கொடு, காத்திரு. இரண்டாம் தடவை நழுவினால் அப்போது கத்தியை எடு. நான் கேட்டது எளிய கேள்வி. பள்ளம் தட்டை என்று படத்தில் தெரிந்த பிறகும் இரண்டாம் தடவைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? இரண்டாம் தடவை வெறும் நார் மட்டும் போவதில்லை, குருத்தெலும்பையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. இதைக் கூட்டங்களில் கேட்டால் சிரிப்பார்கள். ஆதாரம் எங்கே என்பார்கள். ஆதாரம் கேட்பது நியாயம்தான்.

என் தங்கை நானூறு மீட்டர் ஓடியவள். பதினேழு வயதில் வளைவு திரும்பும்போது அவள் சில்லு நழுவியது. நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். பெரிய மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். அவர் எக்ஸ்ரே படத்தை உறையைவிட்டு வெளியே எடுக்கக்கூட இல்லை. "பொம்பளப் புள்ளதானே, ஓடி என்ன ஆகப்போகுது, பட்டையக் கட்டி வீட்ல உக்கார வைங்க" என்றார். அடுத்த மூன்று வருடத்தில் அவளுக்கு இன்னும் நான்கு தடவை நழுவியது. இப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவாள். ஒரு கால், ஒரு நிறுத்தம், மறு கால். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் எலும்புத் துறைக்கே வந்தேன். என்னைப் பற்றி என்ன எழுதினாலும் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். சில்லு நிலையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காலைத் தளர்த்திவைக்கச் சொல்லி, கட்டைவிரலால் சில்லை மெல்ல வெளிப்பக்கம் தள்ளவேண்டும். நழுவும் முட்டி என்றால், அது நழுவுவதற்கு முன்பே அந்தப் பெண் நம் மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். யோசித்துப் பிடிப்பதில்லை, கை தானாக வரும். அச்சச் சோதனை என்றே அதற்குப் பெயர். பிடித்தால் படிவத்தில் 'அச்சம்: உண்டு' என்று எழுதுவோம். பிடிக்காவிட்டால் 'அச்சம்: இல்லை'. வாய் பொய் சொல்லும், படம்கூடச் சில நேரம் பொய் சொல்லும், அந்தக் கை பொய் சொல்லாது என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆய்வுக்கு வருவோம். பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள், விளையாட்டில் இருக்கும் பெண்கள், முதல் தடவை சில்லு நழுவியவர்கள், நாற்பத்தெட்டுப் பேர். பாதிப் பேருக்கு உடனே அறுவை. மீதிப் பேருக்குப் பட்டையும் பயிற்சியும். யாருக்கு எது என்பதை நான் முடிவுசெய்யக் கூடாது. அதற்காகத்தான் உறைகள். ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரே சொல். எங்களுக்குள் அதைக் கத்தி என்றும் பட்டை என்றும் சொல்லிக்கொள்வோம். எந்த உறையில் எது என்று புள்ளியியல்காரர் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் வேறு கட்டடத்தில் இருக்கிறார். உறைகளின்மேல் ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை எண். ஒரு பெண் சம்மதக் கையெழுத்துப் போட்டதும் வரிசையில் அடுத்த உறையை அவள் கண்ணெதிரிலேயே பிரிக்கவேண்டும். நான் எல்லா உறைகளையும் அப்படித்தான் பிரித்தேன். வரிசை மாறிப் பிரித்த உறை ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஒன்பது உறைகள் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தட்டைப் பள்ளக்காரிகள் நான்கு பேரும் வரிசையாகக் கத்திக்குப் போனார்கள். அதில் ஒருத்திக்கு அறுவைக்குப் பிறகும் நழுவியது. ஆழமான பள்ளம் உள்ள பிள்ளைகள் பட்டைக்குப் போய், நான்கே மாதத்தில் துள்ளிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பினார்கள். இப்படியே போனால் என்ன முடிவு வரும்? பட்டையே போதும் என்று வரும். அது பொய். பொய் என்று எனக்குத் தெரியும், என் தங்கையின் முட்டிக்குத் தெரியும். சீட்டுக்குத் தெரியவில்லை, அது காகிதம்.

என் அறைச் சுவரில் எக்ஸ்ரே படம் பார்க்கிற வெளிச்சப்பெட்டி ஒன்று இருக்கிறது. படங்கள் எல்லாம் கணினித் திரைக்குப் போய்ப் பல வருடமாகிறது. கழற்ற வந்தவர்களிடம், பழைய படம் பார்க்க வேண்டியிருக்கும், இருக்கட்டும் என்றேன். அன்றைக்கு உண்மையாகவே அதற்காகத்தான் சொன்னேன். பத்தாம் உறையை ஒரு நாள் அந்தக் கண்ணாடிமேல் வைத்து விளக்கைப் போட்டேன். மடித்த சீட்டின் எழுத்து, இட வலம் மாறி, தெளிவாகத் தெரிந்தது.

அதன்பிறகு செய்யவேண்டியது மிகச் சிறிய வேலை. அடுத்த உறை கத்தி, வந்திருப்பவள் தட்டைப் பள்ளக்காரி என்றால், "ஸ்கேன் மெஷின் சரியில்லம்மா, நாளைக்கு வாங்க" என்பேன். இடையில் ஆழமான பள்ளம் உள்ள ஒருத்தி வருவாள், கத்தி அவளுக்குப் போகும். மறுநாள் வருகிறவளுக்குப் பட்டை. பதிமூன்று பெண்களிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையில் நாளைக்கு வாங்க என்பது யாருக்கும் புதிதில்லையே.

நீங்கள் தாளைவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறீர்கள், அம்மா. உங்கள் கேள்வி புரிகிறது. கத்தி யாருக்கு மிகவும் தேவை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனோ, அவர்களுக்கே தேடித் தேடிப் பட்டை கொடுத்திருக்கிறேன். தேவையே இல்லாத சிலரை அறுத்தும் இருக்கிறேன். கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் இருபத்துநான்கு பெண்கள் பட்டையோடு கஷ்டப்பட்டால், அவர்களுக்குப் பின்னால் வரப்போகும் இருபத்துநாலாயிரம் பேரிடம் யாரும் பட்டையைக் கட்டி உட்கார் என்று சொல்ல மாட்டார்கள். நான் அந்த இருபத்துநாலாயிரத்தை நினைத்தேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால் நினைப்பது சுலபமாக இருந்தது.

முதலில் சந்தேகப்பட்டவர் பிசியோ அம்மா. பட்டைக்குப் போகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். பதினைந்து வருடமாக எங்களோடு இருக்கிறார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார். ஒரு நாள் மதியம் என் அறைக்கு வந்து, உட்காராமல், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டார்.

"டாக்டர், கத்திக்குப் போற பொண்ணுங்க எல்லாம் நல்ல முட்டியோட போறாங்க. எங்கிட்ட வர்றது மட்டும் ஏன் பள்ளமே இல்லாம வருது?"

"சீட்டு விழறது யார் கையில இருக்கு?" என்றேன்.

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு போய் வெளிச்சப்பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். "இப்ப யாரு டாக்டர் ஃபிலிம் பாக்குறாங்க? சூடா இருக்கே."

பழைய நோயாளி ஒருவரின் படம் என்றேன். அவர் தலையாட்டினார். அந்த ஆட்டத்தில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவரும் என்னைக் கவனித்தார் என்று பிறகு தெரிந்தது. சட்டைப்பையில் ஒரு சின்ன நீல நோட்டு வைத்திருந்தார். நான் தாழ்வாரத்தில் வந்தால் அதை மூடிவிடுவார். என் மேசை இழுப்பறையை நான் முழுதாக மூடும் வழக்கம், ஒரு காலை அது விரல் அகலம் திறந்திருந்தது. கூட்டிப் பெருக்க வந்தவர்கள் இழுத்திருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இருவரும் எதிரெதிரே வரும்போது முன்னைவிட மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகள் வந்தாள்.

அவளைத் தவளை என்று கூப்பிடுவேன். நடக்கப் பழகியதற்கு மறு மாதமே குதிக்கப் பழகினாள், அதனால் வந்த பெயர். அவள் அப்பாவுக்கு எப்போதும் வெளியூர் வேலை. வாரத்தில் பாதி நாள் என் வீட்டில்தான் வளர்ந்தாள். பத்தொன்பது வயதில் வாலிபாலில் வலைக்கு மேலே பாதி உடம்பு தெரிய எகிறி அடிப்பாள். கல்லூரிப் போட்டி ஒன்றில் இறங்கும்போது வலது முட்டி போய்விட்டது. தங்கை அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். நொண்டுகிற இரண்டு பேர், ஒருத்தியை ஒருத்தி தாங்கிக்கொண்டு.

"அண்ணா, என் கால மாதிரி ஆகிடக் கூடாது. நீ பாத்துக்கோ" என்றாள் தங்கை.

"அம்மா, சும்மா பயமுறுத்தாத. மாமா இருக்காருல்ல" என்றாள் தவளை.

படத்தைத் திரையில் பார்த்தேன். நான் பார்த்ததிலேயே மிகத் தட்டையான பள்ளம். பள்ளம் என்று சொல்வதே உபசாரம். அவளை ஆய்வில் சேர்க்காமலே நான் அறுவை செய்திருக்கலாம். செய்யவில்லை. சொந்தக்காரப் பெண் என்று விலக்கினால், மாமா தன் மருமகளுக்கு மட்டும் கத்தி எடுத்தார், மற்றவர் வீட்டுப் பிள்ளைகளைச் சீட்டுக்கு விட்டார் என்று பேச்சு வரும். பேசக்கூடியவர் கையில் நீல நோட்டு இருந்தது.

அவர்கள் வெளியே சம்மதப் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது நாற்பத்திரண்டாம் உறையை வெளிச்சத்தில் வைத்தேன். பட்டை. நாற்பத்து மூன்றையும் வைத்தேன். கத்தி. நாளைக்கு வா என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதிமூன்று பேரிடம் சொன்ன வார்த்தைதான். வெளியே அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது. விளக்கை அணைத்தேன். இவ்வளவு நாள் எந்தப் பெண்ணுக்கும் சலுகை காட்டாதவன், தங்கை மகளுக்குக் காட்டினால் அது அயோக்கியத்தனம் இல்லையா? உள்ளே கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே நாற்பத்திரண்டைப் பிரித்தேன்.

"பட்டைன்னா பரவாயில்லையா, அண்ணா?" என்று கேட்டாள் தங்கை.

"நல்லா பயிற்சி செஞ்சா பரவாயில்ல" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. நாற்பத்து மூன்று மறுநாள் ஒரு நீச்சல்காரப் பெண்ணுக்குப் போனது. கிண்ணம் மாதிரி பள்ளம் அவளுக்கு.

அடுத்த வாரம் நாற்பத்து நான்காம் உறையை வெளிச்சத்தில் வைத்தேன். கறுப்பாக இருந்தது. மீதி நான்கும் கறுப்பு. உறைகளை மாற்றி, சீட்டைச் சுற்றி வெள்ளித்தாள் மடித்து வைத்திருந்தார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்துக்குச் சுற்றுவார்களே, அதே தாள். புள்ளியியல்காரரிடம் போய் யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். மாடிப்படியில் பிசியோ அம்மாவைப் பார்த்தேன். "என்ன டாக்டர், ரெண்டு நாளா முகமே சரியில்ல?" என்றார். தூக்கம் சரியில்லை என்றேன்.

ஆய்வைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று மேற்பார்வைக் குழு பார்க்கும் நாள் ஆறு மாதத்தில் வர இருந்தது. பட்டைக்காரிகளில் குறைந்தது பன்னிரண்டு பேருக்கு மறுபடி நழுவியிருந்தால்தான் வித்தியாசம் நிற்கும் என்று கணக்கு. ஒன்பது பேருக்குத்தான் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் பிசியோ அம்மா. அவ்வளவு தட்டையான முட்டிகளை வாங்கிக்கொண்டு, தொடைத் தசையைக் கல்லாக்கி, ஒவ்வொருத்தியையும் தேற்றிக்கொண்டிருந்தார். அவர் தொழிலில் கெட்டிக்காரர் என்று நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன்.

உறை போனாலும் இன்னொரு காகிதம் என் கையில் இருந்தது. திரும்ப விளையாடலாம் என்று தரும் அனுமதிச் சீட்டு. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி, அடிபட்ட கால் நல்ல காலுக்குக் கிட்டத்தட்ட சமமாகக் குதிக்கிறதா என்று பிசியோ அம்மா அளந்து சொல்வார். ஆனால் கையெழுத்து என்னுடையது மட்டுமே. அவர் இன்னும் ஆகவில்லை என்ற ஐந்து பேருக்கு நான் ஆகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டேன். அவர்கள் மகிழ்ச்சியாகப் போனார்கள். ஒருத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதில் இரண்டு பேர் சில்லு மறுபடி நழுவித் திரும்பி வந்தார்கள். பதினொன்று ஆயிற்று.

"ஒரே ஒரு முட்டி குறையுது, டாக்டர்" என்றார் புள்ளியியல்காரர் தொலைபேசியில். வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

தவளைக்கு அப்போது ஐந்தாம் மாதம். இளையோர் அணித் தேர்வுப் போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. பிசியோ அம்மா அவளைக் குதிக்கவிட்டு அளந்து, நல்ல காலில் முக்கால்வாசிதான் வருகிறது, இன்னும் இரண்டு மாதம் கட்டாயம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தாயும் மகளும் அந்தத் தாளோடு என் அறைக்கு வந்தார்கள்.

"மாமா, இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும். ப்ளீஸ் மாமா."

தங்கை கடைசியில்தான் சொன்னாள். "நீ சொன்னா சரி, அண்ணா. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் இவளக் கட்டிப்போட்டாவது வீட்ல வெச்சிக்கிறேன்."

அவளைப் படுக்கச் சொன்னேன். கட்டைவிரலைச் சில்லின் உள்விளிம்பில் வைத்தேன்.

"மாமா, உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு. முதல்ல உங்களுக்கு வைத்தியம் பாக்கணும்" என்றாள்.

தள்ளினேன். தடுப்பில்லாத இழுப்பறை வருவதுபோலச் சில்லு விளிம்புவரை வந்தது. இன்னும் ஒரு நெல் அளவு தள்ளினால் கையோடு வந்துவிடும். என் விரலுக்குத் தெரிந்தது. அவள் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கூரையைப் பார்த்து, போட்டிக்குப் போகிற பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கை வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். குழந்தையாக இருந்தபோது அவளை உயரத் தூக்கிப்போட்டுப் பிடித்தவன் நான். மற்றக் குழந்தைகள் அலறும், இவள் இன்னொரு தடவை என்பாள். என் கையில் இருக்கும்போது விழுவோம் என்ற நினைப்பு அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

படிவத்தில் 'அச்சம்: இல்லை' என்று எழுதினேன். படிவம் அதைத்தான் கேட்கிறது. மருத்துவரின் விரல் என்ன உணர்ந்தது என்று அதில் கட்டம் கிடையாது. அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் எழுந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போட்டிக்கு நானும் போனேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். பந்தை நான் பார்க்கவில்லை. மூன்றாம் ஆட்டத்தில், எட்டாவது புள்ளிக்கு எகிறி இறங்கினாள். வலது முட்டி உள்ளே மடங்கியது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சில்லு நழுவும் சத்தம் கேட்டது. முதலில் அவளிடம் ஓடியவன் நான்தான். கூடவே டாக்டர் இருந்தது கொடுப்பினை என்று பயிற்சியாளர் சொன்னார். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள். போகவில்லை. ஆம்புலன்சில் கூடவே வந்தேன். அன்று மாலையே அறுவை செய்தேன். கட்டைவிரல் நகம் அளவு குருத்தெலும்புத் துண்டு பெயர்ந்து மூட்டுக்குள் கிடந்தது, திரும்பப் பொருத்தும் நிலையில் இல்லை. இனி அவள் நடப்பாள். குதிக்க மாட்டாள். கை கழுவிக்கொண்டு வெளியே வந்து புள்ளியியல்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பன்னிரண்டு என்று சொன்னேன்.

நீல நோட்டில் தேதிகள் இருந்தன. எந்தப் பெண்ணிடம் என்றைக்கு நாளைக்கு வாங்க என்று சொன்னேன், அன்று ஸ்கேன் இயந்திரம் ஓடியதா, எந்த அனுமதிச் சீட்டு அவர் அளவைக்கு எதிராகப் போனது, எல்லாம் இரண்டு வருடக் கையெழுத்தில். பிசியோ அம்மா அதை முதலில் உங்களிடம் கொண்டுவரவில்லை. என் தங்கையிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. தொழில் விஷயத்தைத் தொழிலுக்குள் வைத்திருக்கலாம்.

தங்கை என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுவது அவளுக்குச் சிரமம்.

"நாப்பத்து மூணுல என்ன இருந்துச்சு?"

"கத்தி" என்றேன்.

"நாளைக்கு வான்னு சொல்லியிருந்தா?"

"அவளுக்குக் கிடைச்சிருக்கும்."

"தெரிஞ்சுதானா, அண்ணா?"

"உன்ன மாதிரி இனிமே ஒருத்தியும் ஆகக் கூடாதுன்னுதான்" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சுவரிலிருந்த வெளிச்சப்பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். படியில் அவள் இறங்குவது கேட்டது. ஒரு கால், ஒரு நிறுத்தம், மறு கால். இனி அந்த வீட்டில் அந்தச் சத்தம் இரண்டாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆக, உறைக்குள் பார்த்தேன், பெண்களின் வரிசையை மாற்றினேன், கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், வேறு யாரும் உதவவில்லை. எங்கே கையெழுத்து வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஆனால் அதற்குமுன் ஒரு விண்ணப்பம். இது உண்மையில் மருத்துவ விஷயம், இவர் கேட்டால் புரிந்துகொள்வார்.

நேற்றுக் காலை தவளையைப் பார்க்கப் போனேன். அறுவை செய்யத்தான் எனக்குத் தடை, நோயாளியைப் பார்க்கத் தடையில்லை. வலது கால் கட்டுக்குள் இருந்தது. இடது காலின் மேலிருந்து போர்வை நழுவியிருந்தது. அதைச் சரிசெய்யலாம் என்று கையை நீட்டினேன். முட்டியைத் தொடவே இல்லை. அதற்குள் அவள் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இதோ, இந்த இடம், நகம் பட்ட தடம் இன்னும் இருக்கிறது பாருங்கள். பக்கத்திலிருந்த தங்கைதான், "அண்ணா, கைய எடு" என்றாள்.

எடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் ஒரு படிவம் வாங்கி, நினைவிருக்கும்போதே எழுதிவைத்தேன். இடது முட்டி. அச்சம்: உண்டு. இதுவரை ஒரு தடவைகூட நழுவாத கால், விரல் படுவதற்கு முன்பே இவ்வளவு அச்சம். என் ஆயுளில் நான் இப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கை பொய் சொல்லாது. அந்த முட்டியும் முற்றிய நிலையில் இருக்கிறது, இந்த முறை காத்திருக்கவே கூடாது.

தண்டனை என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாரம் தடையை நீக்கிக் கொடுங்கள், அந்த இடது காலுக்கு நானே அறுவை செய்துவிடுகிறேன். வேறு யாரையும் அனுப்பிவிடாதீர்கள், அம்மா. புதுக் கை பட்டால் பிள்ளை பயந்துபோவாள்.